கொல்லம் 1029: ஒரே ஆண்டுக்கு இரண்டு வருஷப் பெயரா?

சிற்றாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய மரப்பெட்டியில் ஓலைகள் சில கிடக்கின்றன. அதில் இரண்டு ஓலை ஒரே வயலைப் பற்றியவை. சீவலப்பேரிப் பக்கம், ஒரு கோட்டை விதைப்பாடு. முதல் ஓலையில் வயலை ஒத்திக்கு, அதாவது அடமானமாக, வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஓலையில் ஒத்தி வாங்கினவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழைய எழுத்து தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்து வாசித்தோம்.

கொல்லம் என்பது எங்கள் பக்கமும் மலையாளத்திலும் புழங்கின ஆண்டுக் கணக்கு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ஒத்தி ஓலையில் தேதி இப்படி: கொல்லம் ௲௨௰௯ ௵ பிரமாதீச ௵ தை ௴ ௰௨ ௳ திங்கட்கிழமை. கிரய ஓலையில்: கொல்லம் ௲௨௰௯ ௵ ஆனந்த ௵ ஆனி ௴ ௰ ௳ வியாழக்கிழமை. ஆயிரம், இரண்டு பத்து, ஒன்பது. ஆக இரண்டிலும் 1029தான்.

முதல் சந்தேகம்: ஒரே கொல்லம் ஆண்டுக்கு ஓர் ஓலையில் பிரமாதீச என்றும் இன்னொன்றில் ஆனந்த என்றும் எப்படிப் பெயர் வரும்?

இரண்டாவது: கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் 1854. 2024 காலண்டரில் தை 12 என்பது ஜனவரி 26. சரி, 1854 ஜனவரி 26 என்ன கிழமை என்று போனில் பார்த்தால் வியாழன். ஓலையிலோ திங்கள். ஆனி 10 என்பது ஜூன் 24. 1854-ல் அது சனி. ஓலையில் வியாழன். எங்கள் பங்காளி வீட்டார் இரண்டும் பின்னாளில் எழுதின கள்ள ஓலை என்கிறார்கள். வழக்கு வம்பு ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டுப் பேச்சுதான். ஆனாலும் மனசுக்குள் கிடந்து அரிக்கிறது.

பொதிகைத்தென்றல் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? வெள்ளைக்காரன் காலண்டரை மாற்றினபோது 11 நாளைத் தூக்கிவிட்டான். லண்டனில் அதற்காகக் கலவரமே நடந்தது, 'எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு' என்று. அதனால் பழைய தேதி எதுவானாலும் 11 கூட்ட வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். ஜனவரி 26 + 11 = பிப்ரவரி 6. 1854 பிப்ரவரி 6 என்ன கிழமை? திங்கட்கிழமை! ஓலையில் இருப்பதும் திங்கள். ஓலை அசல். முடிந்தது கதை.

அடங்கல் எழுதியது:

தம்பி பொதிகை, கதையை அதற்குள் முடித்துவிடாதீர்கள்.

சிற்றாற்றங்கரை, உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். கிராமக் கணக்கிலேயே காலம் தள்ளியவன். கொல்லம் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையிலும் தெற்குத் திருவிதாங்கூரிலும் அது ஆவணி முதல் தேதி பிறக்கும். மலையாளத்தார் சிங்கம் என்பது நம் ஆவணிதான். வடக்கு மலபாரில் மட்டும் ஒரு மாதம் கழித்துக் கன்னியில், அதாவது புரட்டாசியில். பிரபவ, விபவ என்று வருகிற அறுபது வருஷப் பெயரோ சித்திரை முதல் தேதி மாறும். ஆகவே எந்தக் கொல்லம் ஆண்டை எடுத்தாலும் ஆவணி முதல் பங்குனி வரை ஒரு பெயர், சித்திரை முதல் ஆடி வரை அடுத்த பெயர். கொல்லம் 1029 என்பது 1853 ஆகஸ்ட் முதல் 1854 ஆகஸ்ட் வரை. அதில் தை மாதம் பிரமாதீச. ஆனி மாதம் ஆனந்த. இரண்டு ஓலையும் சரி. கள்ள ஓலை எழுதுகிறவன் ஆண்டு ஒன்றுதானே என்று இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டிருப்பான்!

இன்னொன்று. 825 கூட்டுவது எல்லா மாதத்துக்கும் ஒக்காது. ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824 கூட்டுங்கள். அதற்குப் பிறகு, ஜனவரி பிறந்தால், 825. உங்கள் இரண்டு ஓலையும் ஜனவரிக்குப் பிந்தியவை, அதனால் தப்பித்தீர்கள்.

பசலியும், அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டும், போட்டிருந்தால் மூன்றாவது ஒரு பிறப்பு வந்திருக்கும். பசலி முன்னே ஆடிப் பிறப்பை ஒட்டி இருந்தது. 1855-ல் கும்பெனியார் அதை ஜூலை 1 என்று ஆக்கினார்கள். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. உங்கள் இரண்டு ஓலைக்கும் பசலி 1263. இன்றைக்கும் ஜமாபந்தி அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. ஆக, ஒரே வயலுக்குத் தாசில் கணக்கில் ஆடியில் வருஷம் பிறக்கும், ஓலைக்கு ஆவணியில், ஜோசியருக்குச் சித்திரையில், கலெக்டர் துரைக்கு ஜனவரியில். எங்கள் ஆட்கள் இதையெல்லாம் ஒரே கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள், குழம்பவில்லை.

மேலரதவீதி எழுதியது:

அடங்கல் அண்ணாச்சி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. கிழமைக் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொதிகைத்தென்றல், பிப்ரவரி 6 திங்களாக அமைந்தது தற்செயல். ஏழு கிழமையில் ஒன்று எப்படியும் வரத்தானே வேண்டும்? உங்கள் சூத்திரத்தை இரண்டாவது ஓலைக்கும் போட்டுப் பார்த்தீர்களா? ஜூன் 24 + 11 = ஜூலை 5. 1854 ஜூலை 5 புதன்கிழமை. ஓலையில் வியாழன். ஒரே பெட்டி, ஒரே வயல், ஒரே ஆண்டு. ஒன்றுக்குப் பொருந்தி மற்றதற்குப் பொருந்தாத சூத்திரம் எதற்கு?

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2024 காலண்டரை எடுத்து 1854-ன் மேல் வைத்ததுதான் கோளாறு. நம் பஞ்சாங்க ஆண்டின் நீளம் 365.2587 நாள். ஆங்கில ஆண்டின் சராசரி 365.2425 நாள். வருஷத்துக்கு ஏறக்குறைய 23 நிமிஷம் வித்தியாசம். அறுபது வருஷத்தில் அது ஒரு நாள் ஆகிவிடும். அதனால் தை முதல் தேதி ஆங்கில காலண்டரில் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2024-ல் பொங்கல் ஜனவரி 15. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு மகர சங்கராந்தி என்று அவருடைய வரலாறுகள் எல்லாம் சொல்லும். நம்மூரிலும் அப்போது ஜனவரி 12-ல்தான் தை பிறந்தது.

1854-க்கும் அதேதான். தை 1 ஜனவரி 12. தை 12 ஜனவரி 23. கிழமை திங்கள். ஆனி 1 ஜூன் 13. ஆனி 10 ஜூன் 22. கிழமை வியாழன். இரண்டும் ஓலையோடு பொருந்துகின்றன. 11-ஐக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். பங்காளி வீட்டாரிடம் இதைக் காட்டுங்கள்.

சிற்றாற்றங்கரை எழுதியது:

மேலரதவீதி அண்ணாச்சி, அடங்கல் அண்ணாச்சி, இரண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. இரண்டும் பொருந்துகிறது என்றதும் எங்கள் அப்பா எழுந்து போய் ஓலையை மறுபடி மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டார். பெட்டியில் இன்னும் ஓர் ஓலை இருக்கிறது, ஓரம் செல்லரித்தது. அப்புறமாகப் போடுகிறேன்.

கயத்தாறு எக்ஸ்பிரஸ் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பொதிகை சொன்ன 11 நாள் விஷயம் எனக்கும் ரொம்ப நாளாக உண்டு. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16 என்று படிக்கிறோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், 'அது பழைய காலண்டர், உண்மையில் 27' என்று ஆண்டுதோறும் சண்டை பிடிப்பார். எது சரி?

மேலரதவீதி எழுதியது:

16-தான். ஒரு நாள்கூட நகர்த்தக் கூடாது.

இங்கிலாந்து காலண்டரை மாற்றியது 1752-ல். செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை என்று சட்டம் போட்டார்கள். கிழமை தொடர்ந்தது, தேதி மட்டும் தாவியது. கும்பெனிப் படை முதன்முதலாகத் திருநெல்வேலிச் சீமைக்குள் வந்தது 1755-ல், கர்னல் ஹெரான் தலைமையில், நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு. அதாவது, வெள்ளைக்காரன் இந்த மண்ணில் கால் வைக்கும்போதே புதுக் காலண்டரோடுதான் வந்தான். பூலித்தேவர், கட்டபொம்மன், ஊமைத்துரை என்று நம் பக்கத்துச் சண்டைகளுக்குக் கும்பெனிக் கடிதங்களில் உள்ள தேதி எல்லாம் புதுக்கணக்கு. அதற்கு மேல் 11 கூட்டினால் இரட்டைத் திருத்தம் ஆகிவிடும்.

1799 அக்டோபர் 16 புதன்கிழமை. நம் கணக்கில் சித்தார்த்தி வருஷம், கொல்லம் 975, ஐப்பசி பிறந்து இரண்டொரு நாள்.

லண்டன் கலவரமும் நம்பத் தகுந்ததில்லை. ஹோகார்த் என்ற ஓவியர் 1755 வாக்கில் தேர்தலைக் கிண்டல் செய்து வரைந்த படத்தில் அந்த வாசகம் ஒரு பலகையில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பிற்காலத்தார் கலவரமே நடந்ததாக எழுதிவிட்டார்கள்.

பொதிகைத்தென்றல் எழுதியது:

//வெள்ளைக்காரன் இந்த மண்ணில் கால் வைக்கும்போதே புதுக் காலண்டரோடுதான் வந்தான்//

சரி, இங்கிலீஷ்காரனை விடுங்கள். போர்த்துக்கீசியன் அதற்கு 200 வருஷம் முன்னாடியே தூத்துக்குடியில் இருந்தானே? அவன் எழுதின தேதிக்கு என்ன செய்வீர்கள்? அங்கேயாவது 11 கூட்டலாமா?

முத்துக்குளித்துறை எழுதியது:

கூட்டலாம் தம்பி, ஆனால் 11 இல்லை, 10. அதுவும் எப்போது கூட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது. நான் கடற்கரைக்காரி, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய ரோமக் காலண்டரில் ஆண்டுக்கு 365¼ நாள். சூரியன் கணக்கைவிட இது 11 நிமிஷம் அதிகம். நூற்றாண்டுகள் போகப்போக, மார்ச் 21-ல் வரவேண்டிய சம இரவுப் பகல் நாள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. பாஸ்கா (ஈஸ்டர்) பண்டிகை அந்த நாளை வைத்துக் கணிக்கிறது என்பதால் திருச்சபைக்குத் தலைவலி. பாப்பரசர் 13-ஆம் கிரகோரி 1582-ல் ஆணையிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. போர்த்துக்கல், ஸ்பெயின், இத்தாலி உடனே ஏற்றுக்கொண்டன. புராட்டஸ்டண்ட் நாடுகள் பாப்பரசர் சொல்லி நாங்கள் கேட்பதா என்று முரண்டு பிடித்தன. இங்கிலாந்து 170 வருஷம் பிடித்தது. அதற்குள் வித்தியாசம் 10-லிருந்து 11 ஆகிவிட்டது, 1700-ல் பழைய காலண்டரில் லீப் நாள் உண்டு, புதியதில் இல்லை என்பதால்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். சவேரியார் 1542-ல் வந்தார். 1544-ல் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் தம்முடன் பணிசெய்த மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் பழைய காலண்டர் தேதி. அவர் சீனக் கரையருகே இறந்தது 1552 டிசம்பர் 3. புதுக்கணக்கில் அது டிசம்பர் 13. ஆனால் திருநாளை யாராவது 13-ல் கொண்டாடுகிறார்களா? 3-தான். அன்றைக்கு எழுதி வைத்த தேதியை அப்படியே வைத்திருப்பதுதான் சரித்திரக்காரர் வழக்கமும். புன்னைக்காயலில் இருந்த அன்றிக் அடிகளார் ஆக்கிய தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் கொல்லத்தில் அச்சானது 1578 அக்டோபர் 20. அதையும் யாரும் 30 என்று மாற்றுவதில்லை.

எப்போது 10 கூட்ட வேண்டும் என்றால், அந்தத் தேதியை நம் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்க்கும்போது. சவேரியார் காலத்தில் சித்திரை முதல் தேதி அவர் காலண்டரில் மார்ச் 27, 28 வாக்கில் வந்தது. ஏப்ரல் 14-ஐ மனதில் வைத்துக்கொண்டு அவர் கடிதத்தைப் படித்தால் நாம் பங்குனி என்று நினைப்பது அவருக்குச் சித்திரை நடுவாக இருக்கும். முத்துக்குளிப்பு, காற்று, பெருங்கடல் என்று பருவம் சார்ந்த விஷயங்களைப் படிக்கும்போது இது முக்கியம்.

மேலரதவீதி எழுதியது:

அருமை அக்கா. டச்சுக்காரரையும் சொல்லிவிடுங்கள். பலரும் வழுக்கி விழுகிற இடம் அதுதான்.

முத்துக்குளித்துறை எழுதியது:

ஆமாம், 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தார்கள். டச்சுக்காரர் புராட்டஸ்டண்ட்தான், ஆனாலும் ஆலந்து மாகாணம் 1582 முடிந்ததும் முடியாததுமாகப் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டது. டச்சுக் கும்பெனி ஏடுகள் புதுக்கணக்கு. அதே காலத்தில் சென்னைக் கோட்டையில் இங்கிலீஷ்காரர் பழைய கணக்கு. தூத்துக்குடியில் மே 11 என்று எழுதுகிற அதே நாளைச் சென்னையில் மே 1 என்று எழுதுவார்கள். மே 5-ல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட கப்பல் ஏப்ரல் 30-ல் சென்னைக்கு வந்து சேர்ந்ததாக ஏட்டில் இருந்தால் பேய்க்கப்பல் என்று நினைக்க வேண்டாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் இன்னொரு மாதிரி. அவர்கள் 1700-ல் மாறினார்கள். அதனால் சீகன்பால்கு பாதிரியார் 1706 ஜூலை 9-ல் வந்திறங்கினார் என்பது புதுக்கணக்குத் தேதி.

இங்கிலீஷ்காரரிடம் இன்னொரு தொல்லை. 1752-க்கு முன்னால் அவர்கள் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. பிப்ரவரி 1700 என்று எழுதியிருந்தால் அது நமக்கு பிப்ரவரி 1701. கவனமான குமாஸ்தா 1700/1 என்று இரண்டையும் போட்டுவிடுவான். எல்லாக் குமாஸ்தாவும் அப்படி இருப்பானா? நாள் 11 தப்பினால் பெரிதாகத் தெரியாது, ஆண்டே ஒன்று தப்பினால் யார் யாருக்கு முந்தியவர் என்பதே மாறிவிடும்.

சென்னைக்காரர்கள் ஆகஸ்ட் 22-ல் சென்னை தினம் கொண்டாடுகிறார்களே, அந்த 1639 ஆகஸ்ட் 22 பழைய கணக்கு. புதுக்கணக்கில் செப்டம்பர் 1. கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், கேக் வெட்டுவதற்கு எந்த நாளானால் என்ன!

பொதிகைத்தென்றல் எழுதியது:

அப்படியானால் சுருக்கமாக, எழுதினவன் யார் என்று தெரியாமல் நாளைத் தொடக்கூடாது என்கிறீர்கள். சரி. ஆனால் நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறுமே? பாரதியார் நினைவு நாளை ஒருத்தர் செப்டம்பர் 11 என்கிறார், ஒருத்தர் 12 என்கிறார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது.

அடங்கல் எழுதியது:

இது நல்ல கேள்வி. பாரதி உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 ஞாயிறு இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு 12 பிறந்துவிட்டது. மாநகராட்சி இறப்புப் பதிவிலும் 12-தான். நம் வழக்கப்படி விடிந்தால்தான் அடுத்த நாள். வீட்டில் இருந்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அரசு 11-ஐ மகாகவி நாளாக வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ராத்திரிதான், யார் கடிகாரம் என்பதுதான் வித்தியாசம். ஊர்ப்பக்கம் துஷ்டி சொல்ல வருகிறவன் 'நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு' என்றுதானே சொல்லுவான்? 'இன்னைக்கு அதிகாலை' என்று பேப்பர்காரன்தான் எழுதுவான்.

பிறந்த நாளிலும் ஒன்று இருக்கிறது. சித்திரபானு வருஷம் கார்த்திகை 27. 1882 டிசம்பர் 11. இப்போது கார்த்திகை 27 டிசம்பர் 12 அல்லது 13-ல் வருகிறது. மேலரதவீதி சொன்ன 23 நிமிஷம் இங்கேயும் வேலை செய்கிறது.

குறிஞ்சாங்குளம் எழுதியது:

அப்படி நகர்ந்துகொண்டே போனால் பொங்கல் ஒரு நாள் பிப்ரவரிக்குப் போய்விடாதா? யாரும் நிறுத்த வேண்டாமா? தை முதல் நாளையே புத்தாண்டாக்கியபோது இதையும் சேர்த்துச் சரிசெய்திருக்கலாம். 2008-ல் சட்டம் போட்டார்கள், 2011-ல் எடுத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் காரணம் யார் தெரியுமா...

நெறியாளர்:

குறிஞ்சாங்குளம், உங்கள் பதிவின் பிற்பகுதியை எடுத்திருக்கிறேன். தையா சித்திரையா சண்டைக்கு ஏற்கெனவே மூன்று இழை பூட்டிக் கிடக்கிறது. கேள்வி மட்டும் இருக்கட்டும், அது நல்ல கேள்வி.

மேலரதவீதி எழுதியது:

நிறுத்தப் பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952 நவம்பரில், மத்திய அரசு காலண்டர் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் மேகநாத சாகா, வானியற்பியலில் பெரிய பெயர். செயலர் லாகிரி. நாடு முழுக்க சுமார் 30 வகைப் பஞ்சாங்கம் புழங்குவதைச் சேகரித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது இதைத்தான்: ஒரு காலத்தில் சம இரவுப் பகல் நாளில் பிறந்த ஆண்டு இப்போது 23 நாள் தள்ளிப் பிறக்கிறது. இப்படியே விட்டால் பருவமும் மாதமும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் போகும்.

1955-ல் அறிக்கை. 1957 மார்ச் 22-ல் சக ஆண்டு 1879, சைத்ரம் 1 என்று தேசிய காலண்டர் தொடங்கியது. அரசிதழில் போடுகிறார்கள். வானொலியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலண்டரைப் பார்த்து யாராவது கால்நாட்டு வைத்ததுண்டா? மக்களுக்குப் பழகின நாளை விட மனம் வரவில்லை. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. பொங்கலுக்கு அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் நகர்ந்தால் கரும்பு கோபித்துக்கொள்ளாது. ஆனால் பழைய ஓலையைப் படிக்கிறவனுக்கு ஒன்று நல்லது நடந்திருக்கிறது. நம் மாதக் கணக்கில் ஒருபோதும் ஒரு நாளும் விழுங்கப்படவில்லை. ஐரோப்பாவில் 1582, 1700, 1752, ரஷ்யாவில் 1918 என்று ஊருக்கு ஒரு பள்ளம். நம் பக்கத்தில் கொல்லம் 1-லிருந்து இன்று வரை ஒரே நூல்.

அடங்கல் எழுதியது:

ஒரே நூல் என்று அடித்துச் சொல்லாதீர்கள் மேலரதவீதி. பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதமும் இருக்கிறதே! சனிப்பெயர்ச்சி திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். கோயிலுக்கு இரண்டு தரம் கூட்டம்.

மேலரதவீதி எழுதியது:

கிரகத்துக்குத்தான் அந்த வித்தியாசம் அண்ணாச்சி. மாதப் பிறப்பில் மிஞ்சினால் ஒரு நாள். ஆனால் அந்த ஒரு நாள் முக்கியம்தான். போனில் இருக்கிற செயலிகள் பெரும்பாலும் இன்றைய வானியல் கணக்கைப் போடுபவை. ஓலை எழுதினவர் கையில் இருந்தது பழைய வாக்கியக் கணக்கு. 1800-க்கு முந்திய தேதியானால் அதற்கு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் வெளியிட்ட இந்தியன் எபிமெரிஸ்தான் கைகொடுக்கும். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம், கிழமை போட்டிருக்கிறார். கணினி இல்லாத காலம், நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

கல்வெட்டுக்காரருக்கு அது இல்லாமல் கை ஓடாது. பாண்டியர் கல்வெட்டில் தொடர்ச்சியான ஆண்டெண் இருக்காது, அரசன் ஆட்சி ஏறின கணக்குத்தான். சடையவர்மன், மாறவர்மன் என்று மாறி மாறி வரும் பட்டம், சுந்தரன், வீரன், குலசேகரன் என்று திரும்பத் திரும்ப வரும் பெயர். ஒரே பெயரில் எத்தனை பேர்! போதாக்குறைக்கு 'இரண்டாம் யாண்டின் எதிர் பதின்மூன்றாம் யாண்டு' என்று எழுதுவார்கள்; இரண்டும் பதின்மூன்றும் சேர்த்துப் பதினைந்து என்று எடுக்க வேண்டும். பிழைக்க வழி, 'மேஷ நாயற்றுப் பூர்வபக்ஷத்துப் பஞ்சமியும் திங்கட்கிழமையும் பெற்ற ரோகிணி நாள்' என்ற மாதிரி வருகிற வரிதான். மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் நான்கும் ஒரே நாளில் கூடுவது அபூர்வம். கீல்ஹார்ன் முதலிய கல்வெட்டு ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் எந்தச் சுந்தரபாண்டியன் எப்போது முடிசூடினான் என்று பிடித்தார்கள்.

கயத்தாறு எக்ஸ்பிரஸ் எழுதியது:

அப்படியென்றால் சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று சொன்னார்களே, அதற்கும் இந்த 10 நாள், 11 நாள் எல்லாம் பார்ப்பார்களா? கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை என்று வேறு சொல்கிறார்கள்.

முத்துக்குளித்துறை எழுதியது:

அது கரிமக் கணக்கு தம்பி, அங்கே நாளும் கிழமையும் கிடையாது. ஆய்வகத்தார் 1950-ஐ 'இன்று' என்று வைத்துக்கொண்டு அதற்கு முன் எத்தனை ஆண்டு என்று சொல்வார்கள். பிறகு மரவளையங்களை வைத்துத் திருத்தி கி.மு.வுக்கு மாற்றுவார்கள். விடை எப்போதும் ஒரு வீச்சுதான், கூடக்குறையப் பல பத்தாண்டு. பூஜ்ய ஆண்டு இல்லாத ஒரு வருஷம் அதற்குள் எங்கேயோ கரைந்துபோகும்.

சிற்றாற்றங்கரை எழுதியது:

மூன்றாவது ஓலை. ஓரம் செல்லரித்ததால் கொல்லம் ஆண்டின் கடைசிக் குறி மட்டும்தான் மிச்சம், அது ௰ மாதிரி இருக்கிறது. மற்றது தெளிவு: இரத்தாட்சி ௵ ஆவணி ௴ ௫ ௳ வெள்ளிக்கிழமை. இரத்தாட்சி அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் வருமே, எதை எடுப்பது? பெரியப்பா 1804 என்கிறார், ரொம்பப் பழசாக இருக்கட்டும் என்று.

மேலரதவீதி எழுதியது:

இரத்தாட்சி 1804, 1864, 1924. கொல்லம் ஆண்டு முறையே 980, 1040, 1100. ஆவணி மாதம் ஆகையால் 824-தான் கூட்ட வேண்டும், அடங்கல் அண்ணாச்சி சொன்னபடி.

980-ஐ ௯௱௮௰ என்றும் 1040-ஐ ௲௪௰ என்றும் எழுதுவார்கள். இரண்டும் ௰-ல் முடிகின்றன. 1100-ஐ எழுதினால் ௲௱, அதில் ௰ வராது. 1924 விலகிவிட்டது. மீதி இரண்டில் கிழமை பாருங்கள். 1804-ல் ஆவணி 1 ஆகஸ்ட் 14, ஆவணி 5 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை. 1864-ல் ஆவணி 1 ஆகஸ்ட் 15, ஆவணி 5 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை.

வெள்ளியும் சனியும் அடுத்தடுத்த நாள் ஆயிற்றே, ஒரு நாள் பிசகினால் என்ன செய்வது என்று பெரியப்பா கேட்பார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு வழக்கில் சூரியன் மறைவதற்குள் சங்கிரமம் (சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது) நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். மலையாள வழக்கில் 18 நாழிகைக்குள், அதாவது மதியம் ஒன்றே காலுக்குள் நேர வேண்டும். திருவிதாங்கூர் எல்லையோரத்து ஓலைகளில் இந்த வித்தியாசத்தால் ஒரு நாள் மாறுவதுண்டு. ஆனால் 1804-ல் ஆவணிச் சங்கிரமம் முற்பகலிலேயே ஆகிவிட்டது. 1864-ல் நள்ளிரவை ஒட்டி ஆயிற்று. எந்த வழக்கைப் பிடித்தாலும் கிழமை மாறாது. 1864 ஆகஸ்ட் 19 என்றே எழுதி வையுங்கள். ஓலையில் எங்காவது நட்சத்திரம் இருந்தால் அதையும் போடுங்கள், கட்டிப் பார்த்துவிடலாம்.

சிற்றாற்றங்கரை எழுதியது:

௰-க்கு முன்னால் லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. பாதிக் குறி இருக்கிறது. ௮-வின் சுழி இல்லை. பெரியப்பாவுக்கு 60 வருஷம் போனதில் வருத்தம்தான். நட்சத்திரத்தை நாளைக் காலை வெயிலில் வைத்துத் தேடுகிறேன்.